கூலியில்லாத சனிக்கிழமைகள்

அந்தப் பெரிய பள்ளிக்கூடம் என் மகனை முதன்முதலில் கண்டது ஒரு மழை நாளில். நகரத்தின் தெற்குப் பக்கம், மங்கரேயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் றக்பி அணியில் அவன் ஓரத்தில் ஓடுகிறவன். பந்து கைக்கு வந்தால் கோட்டைத் தாண்டும்வரை ஓட வேண்டும், அதுதான் அவனுடைய வேலை. மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் கிரிக்கெட், பட்மின்டன் என்று போனார்கள். இவன் பக்கத்து வீட்டுச் சமோவாத் தீவுப் பிள்ளைகளோடு வளர்ந்தவன். பந்து என்றால் முட்டை மாதிரித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்த பிள்ளை.

அன்றைக்கு எதிரணியாக வந்தது நகரத்தின் மறுபக்கத்தில், கட்டணம் கட்டிப் படிக்கிற பெரிய பள்ளிக்கூடம். நாங்கள் தோற்றோம். ஆனால் எங்கள் பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் இவன் ஓடி எடுத்தவை. மட்ச் முடிந்து சேறும் தண்ணியுமாக நின்ற பிள்ளையிடம் ஒருவர் வந்து கை குலுக்கினார். அந்தப் பள்ளிக்கூடத்தின் றக்பிப் பொறுப்பாளர். பிடித்த கையை விடாமல் அவனை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தார். அப்போது எனக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது.

அடுத்த கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவில் இருந்து, நான் பொரித்துக் கொடுத்த ரோல்ஸை நல்ல ருசி என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். முழுப் புலமைப்பரிசில் தருவார்களாம். கட்டணம், உடுப்பு, சப்பாத்து, ஒன்றுக்கும் நாங்கள் காசு கட்டத் தேவையில்லை. என் மனுசன் யாழ்ப்பாணத்தில் தன் கல்லூரிக்குக் கிரிக்கெட் விளையாடியவர். விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி வந்து படுக்கிற மனுசனுக்கு, இன்றைக்கும் கனவில் பழைய மட்ச்தான் வரும். அவர் அந்தாளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, "ஒரு நல்ல கொலிஜின்ர பேர் இருந்தாக் காணும், அது சாகும்வரைக்கும் கூட வரும்" என்றார். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. மகன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மகன் இருந்தது சாப்பிடவும் படுக்கவும்தான். விடிய முதல் பஸ். பாடத்துக்கு முன் உடற்பயிற்சிக்கூடம், பாடம் முடிய மைதானம், அதற்குப் பிறகு போன கிழமை மட்சைத் திரையில் போட்டுப் பிழை பார்க்கிறது. வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்தால் அதன்மேலேயே நித்திரை. உடம்பு காணாது, இன்னும் ஏற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கட்டணம் அவர்கள், உடம்பு நாங்கள். முட்டையும் கோழியும் பாலும் வாங்கி வாங்கி என் வேலைக் காசு அதிலேயே போனது. அப்போது நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. பிள்ளை வளருகிறது என்று நினைத்தேன்.

அவனுடைய மட்ச் ரீவியில் வரத் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டை ரீவியில் காட்டுவார்கள், நடுவில் வங்கி விளம்பரமும் கார் விளம்பரமும் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கோயிலில் ஒரு அக்கா, முந்தி என்னிடம் விளையாட்டு சோறு போடுமோ என்று கேட்டவர், இப்போது மகன் எந்தச் சனல் என்று கேட்டு ரெலிபோன் எடுத்தார்.

என்னோடு வேலை செய்கிற ஒரு சமோவாப் பெண் மட்டும் அவ்வளவாகச் சந்தோஷப்படவில்லை. நாங்கள் இருவரும் விரி என்கிற இடத்தில் ஒரு சமையற்கூடத்தில் வேலை. கலியாணம், கம்பனி விருந்து, செத்தவீடு என்று யார் கேட்டாலும் சாப்பாடு செய்து கொண்டுபோய்ப் பரிமாறிவிட்டு வருவோம். அவளுடைய அக்காவின் மகனையும் இப்படித்தான் வேறொரு பள்ளிக்கூடம் கொண்டுபோனதாம். வெங்காயம் வெட்டிக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னாள்: "கால் நல்லாக இருக்கும்வரை உன் மகன் அவர்களுடைய மகன்." எரிச்சலில் சொல்லுகிறாள் என்று நினைத்து நான் பேச்சை மாற்றினேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் சமையற்கூடத்து வான் வண்டியில் ஏறும்போதுதான் அன்றைக்கு எங்கே வேலை என்று சொன்னார்கள். மகனுடைய பள்ளிக்கூடம். மட்ச் பார்க்க வருகிற ஸ்பொன்சர் கம்பனிக்காரருக்கும் பழைய மாணவருக்கும் மதியச் சாப்பாடு. எனக்குப் பெரிய சந்தோஷம். வேலைக்குப் போன மாதிரியும் ஆச்சு, பிள்ளை ஓடுகிறதைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று நினைத்தேன்.

மைதானத்தின் ஓரத்தில் வெள்ளைக் கூடாரம். ஈரப் புல்லின்மேல் பலகை பாவி, குளிருக்குச் சூடாக்கி வைத்து, மேசைக்கு மேசை பூ. மைதானப் பக்கம் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் சுவர். ஆனால் அதை மறைத்துக்கொண்டு ஆட்கள் நின்றதால் எனக்குத் தெரிந்தது கோட்டு முதுகுகள்தான். சத்தம் எழும்பும்போது யாரோ ஓடுகிறான் என்று தெரியும், அவன்தானா என்று தெரியாது. கறுப்பு ஏப்ரன் கட்டி, ஆட்டிறைச்சி குத்தின குச்சிகளைத் தட்டில் வைத்துக்கொண்டு போனேன்.

வைன் கிளாசோடு நின்ற இரண்டு பேர் கதைத்தார்கள். ஒருவர் கேட்டார், ஓரத்தில் ஓடுகிறானே அந்த இந்தியப் பெடியன், அவனை எங்கே பிடித்தீர்கள் என்று. மற்றவர் பழைய மாணவர் சங்கத்து ஆளாக இருக்கவேண்டும். தெற்குப் பக்கம், கட்டணத்தோடு முடிந்தது, மலிவு என்றார். முதலாமவர் சொன்னார், தொடையைப் பார், இன்னும் ஒரு வருஷம் நல்லாக ஓடும்.

ஆங்கிலத்தில் உயர்திணை அஃறிணை இல்லை என்பார்கள். சொல்லுகிற விதத்தில் இருக்கிறது. என் காதில் அது 'ஓடும்' என்றுதான் விழுந்தது. பேசிக்கொண்டே என்னைப் பாராமல் கையை நீட்டி, என் தட்டிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார். பல்லால் இறைச்சியை இழுத்துவிட்டு வெறுங்குச்சியைத் திரும்ப என் தட்டிலேயே போட்டார்.  தட்டைக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்துவிட்டு, குளிர்பெட்டியில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதுவரை ஏன் வரவில்லை என்று தெரியாது. இந்த மைதானத்தில் எல்லோருக்கும் சம்பளம். கோச்சுக்குச் சம்பளம். றக்பிப் பொறுப்பாளருக்குச் சம்பளத்தோடு கம்பனிப் பெயர் ஒட்டின காரும். கமராக்காரனுக்கு, மட்சை வர்ணிக்கிறவனுக்கு, புல்லு வெட்டினவனுக்கு, வாசலில் மஞ்சள் சட்டை போட்டு நிற்கிறவனுக்கு. ஏன், இறைச்சிக் குச்சி காவுகிற எனக்கே மணித்தியாலக் கணக்கில் சம்பளம். எல்லோரும் யாரைப் பார்க்க வந்தார்களோ அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. நடுவில் அவர்கள் சும்மா ஓடிக்கொண்டிருந்தார்கள், மழைக்குள்.

மட்ச் முடிய, குளித்து பிளேசர் போட்டுக்கொண்டு விளையாடின பிள்ளைகள் எல்லோரும் கூடாரத்துக்குள் வந்தார்கள். ஸ்பொன்சர்மாருக்குக் கை கொடுத்து நன்றி சொல்லவேண்டுமாம், அது பள்ளிக்கூடத்து ஒழுங்கு. என் மகனும் வந்தான். கன்னத்தில் ஒரு கீறல். என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றான். நான் மற்றப் பக்கம் திரும்பினேன். அவனுக்கு வெட்கமாக இருக்கக்கூடாது என்றுதான். அவன் நேரே வந்து, "அம்மா" என்று எல்லோருக்கும் கேட்கக் கூப்பிட்டு, என் கையிலிருந்த தட்டை வாங்கி, தானே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினான்.

கூடாரமே உருகிப்போய்விட்டது. ஆஹா என்றார்கள், என்ன பிள்ளை என்றார்கள். பள்ளிக்கூடத்துப் படப்பிடிப்பாளர் ஓடிவந்து எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். அந்த நேரம் எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் படத்தைப் பிறகு நான் கண்டது மனுகாவில், ஷொப்பிங் மோலுக்குப் பக்கத்துப் பஸ் தரிப்பில். ஆள் உயரத்துக்கு நான். ஏப்ரனோடு. பக்கத்தில் பிளேசரோடு என் மகன், கையில் தட்டு. கீழே பள்ளிக்கூடத்தின் பெயரும், எங்கிருந்து வந்தாலும் உயரம் இங்கே என்ற மாதிரி ஒரு வரியும். புது உடற்பயிற்சிக்கூடம் கட்டக் காசு சேர்க்கிறார்கள், அதற்கான விளம்பரம். உயரம் யார் என்று பார்த்தவுடன் விளங்கியது. அந்த 'எங்கிருந்து' என்கிறது நான். என்னுடைய ஏப்ரன்.

என்னோடு பஸ்ஸுக்கு நின்ற அந்தச் சமோவாப் பெண் கனநேரம் அதைப் பார்த்தாள். உனக்கு எவ்வளவு தந்தார்கள் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

"அப்போ அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே சம்பளம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மனுசனிடம் சொன்னேன். அவர் உடனே காரை எடுத்துக்கொண்டு போய், அந்தப் படத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்து கொழும்பிலிருக்கிற தன் அண்ணருக்கு அனுப்பினார். எங்களைக் கேட்காமல் போட்டிருக்கிறார்கள் என்றேன். "பெருமைதானே, நீர் ஏன் இதைப்போய்க் கிண்டுறீர்?" என்றார். நான் பள்ளிக்கூடத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். இனிமையாகக் கதைத்தார்கள். அந்தப் படம் தங்கள் எல்லோருக்கும் எவ்வளவு பிடிக்கும் என்று சொன்னார்கள். எடுக்கிறோம் என்று சொல்லவில்லை.

அரையிறுதி மட்ச் அன்று எனக்கு வேலை இல்லை. வீட்டில் ரீவியில் பார்த்தோம். இரண்டாம் பாதியில் பந்து அவனிடம் வந்தது. ஓடினான், ஒருவனை ஏமாற்ற உள்ளுக்கு வெட்டினான், புல்லில் கால் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. ஒருவரும் அவனைத் தொடவில்லை. விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

என் பிள்ளையின் முழங்கால் உள்ளுக்கு மடிகிறதை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பிறகு வேறு பக்கத்திலிருந்து. பிறகு இன்னும் கிட்ட. நிப்பாட்டச் சொல்லி நான் ரீவியைப் பார்த்துக் கும்பிட்டேன். நிப்பாட்டினார்கள், விளம்பரம் போட. ஒரு கார் மலையில் ஏறிப் போனது. திரும்பி வந்தபோது அவனை வெளியே தூக்கிவிட்டார்கள், அவனுடைய இடத்தில் வேறொரு பிள்ளை நின்று துள்ளிக்கொண்டிருந்தான்.

முழங்காலுக்குள் தசைநார் அறுந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவை இந்த நாட்டு விபத்துக் காப்பீடு பார்த்தது, அதற்குக் குறை சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து அணி முழுக்கக் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டை வந்தது. கொண்டுவந்தவர் றக்பிப் பொறுப்பாளர். இந்தமுறை ரோல்ஸ் வேண்டாம் என்றார், அவசரம். கட்டிலில் கிடந்த பிள்ளையோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். அதோடு சரி. சத்திரசிகிச்சை நடந்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரும் ரெலிபோன் எடுக்கவில்லை. அவனோடு விளையாடின பெடியள் இரண்டு பேர் மட்டும் பஸ் ஏறி வந்து அவனோடு இருந்து சிரித்துக் கதைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளைகளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

வருஷக் கடைசியில் எங்களை வரச்சொன்னார்கள். மகன் ஊன்றுகோல்களோடு காரில் இருந்தான், நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம். மனுசன் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதிபர் எழும்பி நின்று வரவேற்று, தேத்தண்ணி தந்து, மகனுடைய குணத்தைப் பற்றிக் கனநேரம் கதைத்தார். பக்கத்தில் றக்பிப் பொறுப்பாளர். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். புலமைப்பரிசில் என்பது பள்ளிக்கூடத்துக்குச் செய்கிற பங்களிப்புக்காகத் தருவது. வருகிற வருஷம் மகனால் அந்தப் பங்களிப்பைச் செய்ய முடியாது. ஆகவே, கட்டணத்தை நாங்களே கட்டுவதானால் அவன் தொடர்ந்து படிக்கலாம், அவர்களுக்கும் அது மகிழ்ச்சி.

கட்டணம் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்றும் தெரியும், அதை ஆள் உயரத்துக்கு ஒட்டி வைத்தவர்கள்தானே.

என்னுடைய ஆங்கிலம் சமையற்கூடத்து ஆங்கிலம். ஆனால் அன்றைக்கு அது என்னைக் கைவிடவில்லை. நான் கேட்டேன், நீங்கள் தந்தது பரிசா, சம்பளமா என்று. பரிசு என்றால் ஓட முடியாத பிள்ளையிடமிருந்து ஏன் திரும்பப் பறிக்கிறீர்கள். சம்பளம் என்றால், வேலையில் காயப்பட்டவனை அடுத்த நாள் ஒரு முதலாளி இப்படி வாசலுக்கு வெளியே விடமுடியாது. எனக்குக் கை சுட்டால் என்னுடைய முதலாளி பதில் சொல்லவேண்டும். இதில் எது என்று சொல்லுங்கோ.

அதிபர் தன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். பொறுப்பாளர்தான் பதில் சொன்னார். பிள்ளைகளுக்கு நாங்கள் ஒருநாளும் சம்பளம் கொடுப்பதில்லை, காசு வந்தால் விளையாட்டு கெட்டுப்போகும், பிள்ளைகள் விளையாடுவது ஆசையால் என்றார். அந்த முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னார். அவருடைய சட்டைப் பொக்கற்றில் கார்க் கம்பனியின் பெயர் தைத்திருந்தது. எனக்கு அந்த அறையின் வாசமே அரியண்டமாக இருந்தது; மெழுகு பூசின பலகையும் தேத்தண்ணியும் பழைய பரிசுக் கிண்ணங்களும்.

மனுசன் கெஞ்சப்போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். கொலிஜ், கொலிஜ் என்று சொன்ன மனுசன். அவர் மெல்ல எழும்பி, கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு, தேத்தண்ணிக்கு நன்றி சொன்னார். எங்கள் மகனை நாங்கள் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார். என்னைப் பார்த்துத் தமிழில், "வாரும், பிள்ளை காருக்குள்ள கனநேரமாய் இருக்கிறான்" என்றார். வெளியில் வந்து ரையைக் கழற்றிச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் வாய் திறந்ததை நான் கேட்டதில்லை.

உடுப்பைத் திருப்பித் தரச் சொன்னார்கள். பிளேசர், ரை, மழைக்கோட்டு, அணிப் பை. எல்லாம் கடனாகத் தந்தவையாம், வருகிற வருஷம் வேறொரு பிள்ளைக்கு. தோய்த்துத் தந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். நான் தோய்த்து, அழுத்தி, மடித்துக் கொடுத்தேன். ஊத்தையாகக் கொடுக்க மனம் வரவில்லை, அந்த வேறொரு பிள்ளையை நினைத்து. பஸ் தரிப்பிலிருந்த படம் மட்டும் கோடை முடியும்வரை இருந்தது. எடுக்கச் சொல்லி மறுபடியும் கேட்டபோது, அந்த இடத்துக்குக் காசு கட்டியாயிற்று, தவணை முடியும்வரை எடுக்க முடியாது என்றார்கள். சுவருக்குக் காசு கட்டியிருந்தார்கள். எவ்வளவு காலம் அது நிற்கும் என்று பேசி, ஒப்பந்தம் எழுதி, காசு கட்டியிருந்தார்கள்.

கடைசி வருஷத்தை மகன் மங்கரேப் பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்தான். அவர்கள் ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது மனுகாவில் மின்சார வேலை படிக்கிறான். குளிர் காலத்தில் படி இறங்கும்போது கையால் சுவரைப் பிடிக்கிறான், நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவன் ரீவியில் பள்ளிக்கூட மட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். இதை எப்படி உன்னால் பார்க்க முடிகிறது என்று கேட்டுவிட்டேன்.  இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ரீவியையும் கூடாரத்தையும் மூடவேண்டும் என்றேன். அவன் வழமைபோல ஆங்கிலத்தில் பதில் சொன்னான். சம்பளம் தந்திருந்தால் அவன் வேலைக்காரனாக இருந்திருப்பானாம். தான் வேலைக்காரன் இல்லை, அணியில் ஒருவன்.

"நீ அப்பிடி நினைப்பாய் எண்டு தெரிஞ்சுதானே அவங்கள் உன்னைக் கூப்பிட்டவங்கள்" என்றேன்.

அவன் ரீவியின் சத்தத்தைக் குறைத்தான். பிறகு, எப்போதாவது ஒருநாள் கதைக்கிற தமிழில், "ஓம் அம்மா. தெரியும்" என்றான். "ஆனா ஓடினது நான்தானே."

 திரையில் ஒரு மெல்லிய பெடியன் பந்தை வாங்கி ஓரத்தால் ஓடத் தொடங்கினான். என் மகன் நல்ல காலை ஊன்றி முன்னால் சாய்ந்தான். அந்தப் பெடியனுடைய நெஞ்சில் ஒரு வங்கி, முதுகில் ஒரு கார், அவன் தாண்டிப் போன வேலி முழுக்கப் பெயர்கள். எங்கேயோ ஒரு கூடாரத்துக்குள் யாரோ அவனுடைய தொடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் கோட்டைத் தாண்டுகிறானா என்று பார்க்க நான் நிற்கவில்லை. மழை விட்டிருந்தது. தோய்த்த உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு காயப்போட வெளியில் போனேன்.